ஜெனரேட்டர் இல்லாத குடியிருப்பு

மின்நிலையத்தில் டர்பைன் ஓட்டும் ஆப்பரேட்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். "மழை பெய்யுது, தண்ணி ஓடுது, கரண்ட் வருது. இதுல என்ன கவலை?" என்பார். குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கியபோதே மனைவி கெஞ்சினாள், கூடவே ஒரு ஜெனரேட்டரும் வாங்கிவிடலாம் என்று. "டேம்ல வேல பாக்கறவன் வீட்டுல ஜெனரேட்டரா? மானம் போயிடும்!" மின்நிலையக் குடியிருப்பில் ஒருவர் வீட்டிலும் ஜெனரேட்டர் கிடையாது. அப்படியொரு வீறாப்பு அந்த ஆட்களுக்கு.

போன வருஷம் மழை ஏமாற்றியது. இந்த வருஷம் அடியோடு கைவிரித்துவிட்டது. நாடு முழுக்கத் தண்ணீரை மட்டுமே நம்பி மின்நிலையங்களைக் கட்டிவைத்த புண்ணியவான்களுக்கு வேறு வழியும் தெரியவில்லை. மற்ற அணைகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, இந்த வட்டாரத்துக்கு இவருடைய மெஷின் ஒன்றுதான் மிச்சம்.

காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் குஞ்சுகள் உள்ளிருந்து முட்டை ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டன. இன்று ஒரு நாள் பெட்டியின் சூடு குறையக் கூடாது. உட்காருவார், எழுவார், தண்ணீர் மட்டம் காட்டும் முள்ளைப் போய்த் தட்டிப் பார்ப்பார். தட்டினால் தண்ணீர் ஏறிவிடுமா என்ன!

மதியம் டர்பைன் உதறத் தொடங்கியது. அணையில் மட்டம் இறங்கி, குழாய் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சியது.

"அண்ணே, நிறுத்திடலாமா?" என்றாள் இளம் இன்ஜினியர்.

"இருங்க மேடம், இன்னும் கொஞ்சம் தாங்கும்."

பொய். இப்படி உதறினால் முதல் ஆளாக நிறுத்துபவர் அவர்தான். கண்ட்ரோல் ரூம் ஜன்னல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"அண்ணே, கீழ மெஷின் பக்கத்துல ஆளுங்க இருக்காங்க!"

சக்கரம் சிதறினால் அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். பொத்தானை அழுத்தினார். உறுமல் மெல்ல அடங்கி, டர்பைன் நின்றது.

உடனே மனைவியிடமிருந்து போன் வந்தது.

"கரண்ட் போச்சுங்க! எப்ப வரும்?"

"வராது. மழை பெஞ்சாத்தான்."

"எந்தப் பாவி நிறுத்துனான்?"

"நான்தான்."

பெட்டியின் மூடியை அவள் இறுக்கிச் சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

"கம்பளிய போட்டு மூடேன்," என்றார் அவர்.

"இருக்கறதெல்லாம் போட்டு மூடிட்டேன். ரெண்டுதான் வெளிய வந்திருக்கு. மிச்சமெல்லாம் உள்ளயிருந்து கத்துதுங்க. நீங்களே கேளுங்க."

போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அவர் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார்.