பூட்டு வேண்டாம் என்றவன் நான்தான்

நண்பர்களே, நான் சேதுராமன். காரைக்குடியிலிருந்து, ஒரு தவறை ஒப்புக்கொள்ள எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் ஒரே ஹார்டு டிஸ்க்கைப் பகிர்கின்றன. ஒன்று எழுதும்போது மற்றது காத்திருக்க, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் பூட்டு வசதியைச் சேர்க்க வேண்டும். கெர்னலை அமைக்கும்போது ‘பூட்டு வசதி வேண்டுமா?’ என்று கணினி கேட்டதற்கு நான் ‘வேண்டாம்’ என்று விடையளித்திருக்கிறேன்.

இன்று இரண்டும் ஒரே நேரத்தில் எழுதின. உடன் பணிபுரியும் ஸ்டெல்லாவின் துருச் சோதனை அளவீடுகள் சிதைந்துபோயின.

“ஸ்டேப்ளர் எடுத்தாக்கூட கையெழுத்துக் கேப்பீக. இதுக்குப் பூட்டு வேண்டாம்னு யாரு சார் சொன்னது?”

“நான்தான்மா.”

அவர் சிரிக்கவில்லை. “துருப்பிடிச்ச தகட்டப் புதுசாக்கி மறுபடி அளக்க முடியுமா சார்? நோட்டுல பாதிதான் இருக்கு.”

மறுபாதியை மீட்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், ஸ்டெல்லா போதுமான அளவு தந்துவிட்டார்.

கெர்னலைத் திருத்திவிட்டேன். நோட்டில் உள்ள பாதியை நானே தட்டச்சு செய்ய இப்போது உட்காருகிறேன்.