எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத வண்டி

இந்த ஷார்ஜாவில் டீ குடிப்பதற்காக யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு ஹாரன் அடித்தால் போதும், உள்ளேயிருந்து கடைக்காரர் ஓடிவந்து, கண்ணாடிக்கருகில் குனிந்து கேட்டுக்கொண்டு போய், டீயோடு திரும்பி வருவார். அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடை முன்னால் இப்படி ஹாரன் அடித்துப் பாருங்கள், "எறங்கி வந்து குடிச்சா காலு தேஞ்சு போயிருமோ?" என்று கேட்டுவிடுவார்கள். வந்த புதிதில் நான் ஹாரன் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டவன்தான். பிறகு பழகிவிட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கராஜ் வாசலில் கேட்ட ஹாரன் டீக்கானது இல்லை. வண்டி வாங்குகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நானோ அந்த வண்டியின் பின்சக்கரத்தின் கீழே குனிந்து, நான்காவது எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், நானும் பெஷாவர் பக்கத்து ஜமான் கானும் சேர்ந்து ஒரு கராஜ் நடத்திவந்தோம். நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்கும் டென்டிங்கும் பெயின்டிங்கும் என்னுடையது, எஞ்சின் அவருடையது. லைசென்ஸ் மட்டும் எங்கள் கஃபீலின் பெயரில். கஃபீல் என்றால், ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த நாட்டில் நமக்குக் கால் வைக்க இடம் கொடுக்கும் உள்ளூர்க்காரர். அவர் கையெழுத்தில்தான் நம் விசா தொங்கும். இரண்டாயிரத்து எட்டாம் வருடம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. வேலை போனவர்கள் கார்களை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள். விட்டுவிட்டு ஓடுகிற காருக்கு யார் டென்டிங் பார்ப்பார்கள்? லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதமும் வந்துவிட்டது. புதுப்பிக்காவிட்டால் கராஜ் போகும், கராஜ் போனால் என் விசா போகும், என் விசாவில் ஒட்டிக்கொண்டு முவைலா ஃப்ளாட்டில் இருக்கும் மனைவி மல்லிகாவும் கார்த்திகாவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கார்த்திகா என் மகள், பிறந்ததே இங்கேதான். ஒன்பதாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு எந்த ஊரில் போய் அவளைச் சேர்ப்பேன்? எங்களிடம் விற்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு பொருள்தான். அது இந்தக் கார்.

அமெரிக்காக்காரன் அறுபதுகளில் செய்தது. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். எஞ்சின் எட்டு சிலிண்டர். மஸில் கார் என்பார்கள். பழைய வண்டிகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு யார்டில், கூரையில்லாமல், மணல் நிறைந்து, சீட்டுக்குள் பூனை குட்டி போட்டிருந்த நிலையில் ஜமான்தான் முதலில் பார்த்தார். கடல் காற்றின் உப்பில் அடித்தகடு முழுக்க அப்பளமாகப் பொடிந்திருந்தது. "இதைக் காருன்னு சொன்னா காருக்குக் கோவம் வரும்" என்று நான் சொன்னேன். அதன்பிறகு நாலு வருடத்து வெள்ளிக்கிழமைகளை அந்த வண்டி தின்றது. தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தோம். கதவுகளைத் தட்டித் தட்டி நேராக்கினேன். புட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கை ரேகையே அழிந்துபோயிற்று. ஜமான் அந்த எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசித்தார். கடைசியில் நான் சிவப்பு அடித்தேன். ஈரம் காயாத அந்தச் சிவப்பில் என் முகம் தெரிந்தபோது, பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். நான் தொழில் பழகிய அருப்புக்கோட்டைப் பட்டறையில், பெயின்ட் அடித்த எந்த வண்டியும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாமல் வாசல் தாண்டாது. நாலு சக்கரத்துக்கும் நாலு பழம், கொஞ்சம் குங்குமம், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு லோடு வண்டிக்காரர், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையென்று பழத்தைக் காலால் தள்ளிவிட்டு வண்டியை எடுத்துப் போனார். பந்தல்குடி தாண்டுவதற்குள் வண்டி கவிழ்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ஆனால் கவிழ்ந்த வண்டியை இழுத்துவந்து, அதன் கதவை வெட்டித் திறந்தவன் நான். அன்றிலிருந்து எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை. ஷார்ஜாவிலும் ஒரு வண்டியைக்கூட நான் பழமில்லாமல் அனுப்பியதில்லை. கஸ்டமர் வருவதற்கு முன்பே, ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயே ஏற்றி நசுக்கிக் கழுவிவிடுவேன். ஒருநாள் மாட்டிக்கொள்வாய் பாய் என்று சொல்லி ஜமான் சிரிப்பார். அன்று, அவர்கள் வர இன்னும் நேரமிருக்கிறதே என்று ஷட்டரை இறக்காமல் விட்டிருந்தேன்.

சாலிம் என்ற எமராத்திப் பையன், இந்த நாட்டுக்காரன்தான், காரை வாங்குவதாக இருந்தவன். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு முறை வந்து பார்த்து, கதவைத் தடவிக் கொடுத்து, விலை பேசி, கையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்று அவனோடு அவன் அப்பாவும் வந்தார். வெள்ளைத் தாடி, கையில் மெல்லிய பிரம்பு. காரைச் சுற்றி நடந்துவந்தவர் முன்சக்கரத்தருகே நின்றார். பிரம்பால் பழத்தைச் சுட்டினார். குங்குமம் வழிந்து, அது வெட்டுக்காயம் பட்ட மாதிரிதான் கிடந்தது.

"ஷூ ஹாதா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த கராஜ் அரபியில் "நல்லது, வண்டிக்கு நல்லது" என்றேன். அவர் மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்துவிட்டு வந்து, ஒரே ஒரு சொல் சொன்னார். "சிஹ்ர்." சூனியம்.

இங்கே அந்தச் சொல் விளையாட்டில்லை. அது குற்றம், போலீஸ் வரும். தாயத்து வைத்திருந்த ஒருவரைப் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தொழிலாளர் கேம்ப்களில் பேசிக்கொள்வார்கள். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஜமான் என் பக்கம் நெருங்கினார். "பாய், நான் எத்தனை தடவை சொன்னேன்" என்று உருதுவில் முணுமுணுத்தார். அவர் பேச முயன்றபோது பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மகனிடம் ஏதோ சொன்னார். சாலிம் சங்கடத்தோடு காருக்குள் குனிந்து தேட ஆரம்பித்தான். உள்ளே ஒன்றுமில்லை என்ற தைரியத்தில்தான் நின்றிருந்தேன். டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து அவன் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தான். மல்லிகா! நேற்று வண்டியைப் பார்க்க வந்தவள், என்னிடம் சொல்லாமல் இருக்கன்குடிக் கோயில் குங்குமத்தை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மடித்த காகிதம் தமிழ்ப் பத்திரிகைத் துண்டு. பெரியவர் அந்த எழுத்துகளைப் பார்த்தார். வட்டமும் சுழியுமாக நம் எழுத்து அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் முதன்முறையாக யோசித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

அப்போது பின்னாலிருந்து, "அப்பா, நான் பேசட்டா?" என்று கேட்டாள் கார்த்திகா. வண்டி போவதைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்து என்னோடு வந்திருந்தாள். ஒரு ரவுண்டு கூட்டிப்போங்கள் என்று பல மாதமாகக் கெஞ்சியவள். பழத்தின் மேல் ஏறாத வண்டியில் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இங்கே பள்ளிக்கூடங்களில் அரபி கட்டாயப் பாடம். அது இப்படி ஒருநாள் உதவும் என்று நினைத்ததில்லை. அவள் அரபியில் பேசத் தொடங்கியதும் பெரியவர் போனைத் தாழ்த்தினார். அவளைத் தனியாக அருகில் கூப்பிட்டு, காகிதத்தை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் பக்கம் பார்க்கக் கூடாது என்று வேறு சொன்னார். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். "ஆ... டித்... தள்... ளு..." அந்த நேரத்தில் அவளைத் தமிழ் வகுப்புக்கு ஒழுங்காக அனுப்பாத என்னையே நான் திட்டிக்கொண்டேன். கடைசியில் அவள் முகம் மலர்ந்து அரபியில் சொன்னாள். ஜவுளிக்கடை விளம்பரம். ஒரு சேலை வாங்கினால் இன்னொரு சேலை சும்மா.

சாலிம் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. அப்படியென்றால் சக்கரத்தின் கீழே ஏன் பழம் என்று அவளிடம் கேட்டார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். ஒரு பிள்ளையிடம் பேசுகிற குரலில் அவர் மறுபடி ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, கண்கள் மின்ன, "அப்பா, லெமனை எல்லாம் எடுத்துட்டு, என்னை உள்ள உக்கார வச்சு, உங்களை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்றாங்க. வண்டியில கெட்டது எதுவும் இல்லன்னா உங்க பொண்ணை ஏத்திட்டுப் போங்கன்னு சொல்றாங்க" என்றாள்.

அவளுக்குச் சந்தோஷம். எனக்கு உயிர் போயிற்று. அவர் பயந்தது பழம் இருப்பதற்கு, நான் பயந்தது பழம் இல்லாததற்கு. முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் சூனியத்தை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நாலு பழத்தையும் பொறுக்கி எடுத்தேன். ஜமான் ஹோஸ் பிடித்துக் குங்குமத்தைக் கழுவினார். கார்த்திகா கதவைத் திறந்து குதித்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்து வண்டி, பெல்ட்டே இடுப்போடு நின்றுவிடும். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் எட்டு சிலிண்டரும் உறுமின. 

வெள்ளிக்கிழமைக் காலையில் அந்தத் தெரு வெறிச்சென்று கிடக்கும். ரவுண்டபவுட் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தூரம் முழுக்க முருகா முருகா என்று முனகிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் போனேன். எதிரே ஒரு தண்ணீர் லாரி திரும்பியதும் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "ஃபாஸ்ட்டா போங்கப்பா!" என்று கத்தினாள் அவள். தலைமுடி காற்றில் பறந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள். என் பிள்ளை அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை, அந்தச் சிரிப்பை நிம்மதியாகப் பார்க்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ரவுண்டபவுட்டைச் சுற்றித் திரும்பி வந்து நிறுத்தியபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியவர் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை விட்ட பிறகும் அவை நடுங்கிக்கொண்டிருந்தன. குற்றவாளியைப் பிடித்துவிட்டவர் போல் அவர் பிரம்பை நீட்டி, "நடுங்குகிறான் பார்" என்று மகனிடம் சொன்னது எனக்கே புரிந்தது.  விளக்க என் கராஜ் அரபி போதாது. கார்த்திகாதான் காரைவிட்டு இறங்காமலே, கொஞ்சம் கோபமாக, நீளமாகப் பேசினாள். நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பழம் இல்லையென்றுதான் அப்பா பயப்படுகிறார், அது வண்டியைக் காப்பாற்றும் என்று நம்புகிறார், எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

பெரியவர் பிரம்பைக் கீழே இறக்கினார். பிறகு தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னார். அவள் தமிழில் சொன்னாள். "அவங்களுக்கும் அதே பயம்தானாம்பா. சாலிம் ரொம்ப ஸ்பீடா ஓட்டுவாங்களாம். இந்த வண்டி வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடிட்டுத்தான் வந்தாங்களாம். பிரேக், சக்கரம் எல்லாம் நல்லா இருக்கான்னு உங்களை உண்மையா சொல்லச் சொல்றாங்க."

என்ன சொன்னால் நம்புவார்? நான் கார்த்திகாவின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது நம்மிடம் விளையாட்டுக் காரியமில்லை, நான் அதற்குமுன் செய்ததுமில்லை, இனிச் செய்யவும் மாட்டேன். "வெல்டிங் என்னோடது, பிரேக் ஜமான் பாயோடது. ரெண்டும் சுத்தம்" என்று தமிழிலேயே சொன்னேன். மொழிபெயர்க்க வாய் திறந்தவளைப் பெரியவர் கை காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று மகனைப் பார்த்துத் தலையசைத்தார். சாலிம் பாதி வண்டியை அணைத்துக்கொண்டான், பாதி ஜமானை அணைத்துக்கொண்டான். கடைசியில் அந்தச் சிவப்பு தெருமுனையில் திரும்பி மறைந்தபோது, ஜமான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிக்கப்பில் முவைலாவுக்குத் திரும்பும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். லைசென்ஸ் தப்பித்தது, விசா தப்பித்தது, பிள்ளையின் படிப்பு தப்பித்தது. ஆனால் அவள் அரபியில் பேசியதில் ஒரு துண்டு எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பழம் எதற்கு என்று பெரியவர் கேட்டபோது, "அப்பாவின் நாட்டில் இப்படிச் செய்வார்கள்" என்றுதான் அவள் சொன்னாள். அது அவள் நாடு என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவள் சொன்னதில் என்ன பிழை? அவள் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்றுதானே நானும் காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தேன்.

"அப்பா, அந்த லெமன் எல்லாம் வேஸ்ட்தானே, அம்மாகிட்ட ஜூஸ் போடச் சொல்லலாமா?" என்றாள். திருஷ்டிக்கு வைத்த பழத்தைக் குடிக்கக் கூடாது என்றேன். "அப்போ என்ன பண்ணுவீங்க?" என்றாள். ஊராக இருந்தால் ஏதாவது முச்சந்தியில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன். வழியில் எத்தனையோ முச்சந்திகள் வந்தன. காலையில் நடந்ததற்குப் பிறகு எனக்குக் கை எழவில்லை. பில்டிங்கின் கீழே நிறுத்தி அவளை மேலே அனுப்பினேன். அவள் போன பிறகும் பிக்கப்பிலேயே இருந்தேன், மடியில் நாலு எலுமிச்சம்பழங்களோடு. அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது, தெருவில் போடவும் முடியாது.