சுழியம் காட்டிய ரூட்டர்

இணைய வலையமைப்பின் வழியே குரலைக் கொண்டுசெல்ல ரூட்டரை எவ்வாறு அமைப்பது என்று விளக்கும் கையேடுகள் பல உள. கட்டளைகள் யாவும் பிழையின்றி இருந்தும் குரல் ஏன் சிதைகிறது என்பதையோ அவை ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வொற்றை வரியைக் கவனியாமையால் ஒரு மருத்துவமனைக் கிளையில் பிரசவம் பார்ப்பதே நின்றுபோகவிருந்தது. ஆதலின் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதி வைக்கிறேன். வழிச்செலுத்தி என்று எழுதவே என் மனம் விழையும். ஆயினும் பணிக்களத்தில் ரூட்டர் என்றே வழங்கினோம், அதனையே ஆள்கிறேன்.

தலைமை மருத்துவமனை தாம்பரத்தில். கிளை சிங்கப்பெருமாள் கோவிலில். கிளையில் மகப்பேறு பார்ப்பவர் டாக்டர் ஹெலன். சிக்கல் நேர்ந்தால் அவர் அறுவை அரங்கிலிருந்தபடியே தாம்பரத்து மூத்த மருத்துவரிடம் ஆலோசனை கேட்பார். அரங்கினுள் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது. சுவரில் பொருத்திய தொலைபேசியே துணை. பழைய செப்புக்கம்பி இணைப்பை அகற்றி, ஈரிடங்களையும் இணைக்கும் டேட்டா லைன் வழியே அழைப்புகள் செல்லுமாறு நானும் உடன்பணியாளர் முரளியும் மாற்றியமைத்தோம். குரலைச் சுமக்கும் தரவுத் துணுக்குகளாகிய குரல் பொதிகளுக்கு, பிற தரவை முந்திச் செல்லும் முன்னுரிமை வரிசையும் அளித்தோம். ஞாயிறன்று சோதித்தபோது குரல் கணீரென்று ஒலித்தது.

திங்கள் முற்பகலில் ஹெலன் அழைத்தார்.

"சார், உடனே வாங்க. அவங்க பேசுறது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசுறதுதான் அங்க துண்டு துண்டா போகுது. இப்படியே இருந்தா நாளையிலேர்ந்து நான் டெலிவரி கேஸ் எடுக்க மாட்டேன். எல்லாரையும் தாம்பரத்துக்கே அனுப்பிடுவேன்."

வலி கண்ட பெண்களை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் தாம்பரம் வரை அனுப்புவது என்றால் என்ன பொருள் என்பதை அச்சாலையில் அன்றாடம் ஊர்ந்து செல்லும் எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விரைந்தோம்.

கிளையின் மேலாளர் தணிகாசலம் வாயிலிலேயே எதிர்கொண்டார்.

"இன்னா சார், பழைய போனு கரகரன்னாவது பேசிக்கினு இருந்துச்சு. புதுசுக்கு வாயத் தொறந்தாலே விக்கல் எடுக்குது. ஒரே பேஜாரா கீது!"

முரளி மடிக்கணினியை ரூட்டரில் இணைத்தார். முன்னுரிமை வரிசையின் கணக்கு திரையில் விரிந்தது. குரல் பொதிகளை ரூட்டர் சரியாகவே இனங்கண்டிருந்தது. இழப்பு, சுழியம். காத்திருப்பு, அதுவும் சுழியம்.

"டிராப் ஜீரோ சார். நம்ம ரூட்டர் சுத்தம். லைன் குடுத்தவன் மேலதான் தப்பு," என்றார் முரளி.

நானும் அவ்வாறே எண்ணினேன். இழப்புக் கணக்கில் சுழியத்தைக் கண்டால், பழியை லைன் நிறுவனத்தின்மேல் ஏற்றிவிட்டுத் தேநீர் அருந்தப் போவது எங்கள் தொழிலின் மரபு.

பின்னால் நின்றிருந்த ஹெலன் விடுவதாயில்லை.

"ஜீரோன்னா என்ன அர்த்தம்?"

"உங்க குரல்ல ஒண்ணைக்கூட ரூட்டர் தொலைக்கலை டாக்டர். க்யூவுல யாருமே காத்திருக்கவும் இல்லை," என்றார் முரளி.

"யாருமே காத்திருக்கலைன்னா, எனக்கு எதுக்கு பிரையாரிட்டி? யாரை முந்தி என்னை அனுப்பினீங்க?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

ரூட்டரின் வெளிவாயில் நொடிக்கு ஆயிரம் மெகாபிட் தரவை விடும் அகலமுடையது. அதற்கப்பால் தொடங்கும் லைனோ பத்து மெகாபிட்டே. ரூட்டர் அறிந்தது தன் வாயிலின் அகலம் ஒன்றே. ஆகவே ஸ்கேன் பிரிவு தாம்பரத்துக்கு அனுப்பிய பெரும்படங்களையும் டாக்டரின் குரலையும் தயக்கமின்றி வெளியே தள்ளியது. நெரிசல் மூண்டது லைன் நிறுவனத்தின் கருவியில். எங்கள் முன்னுரிமையை அங்கே மதிப்பார் இல்லை. படங்கள் ஒரு திசையில் மட்டும் சென்றதால் செல்லும் குரல் மட்டும் சிதைந்தது. ஞாயிறன்று ஸ்கேன் பிரிவுக்கு விடுமுறை. காலியான பாதையில் சோதித்துக் களித்திருந்தோம்!

"நம்ம கேட்டு அகலம், ரோடு சந்து! ஷேப்பிங் போடலையே சார் நாம!" என்று முரளி கூவினார்.

ஷேப்பிங் என்பது, ரூட்டரிலிருந்து வெளியேறும் வேகத்தை லைனின் கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்துவது. நெரிசலை நம் வாயிலுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டால்தான், யாரை முதலில் விடுவது என்பதை நாம் முடிவு செய்ய இயலும். ஒன்பதரை மெகாபிட் என்று வரம்பிட்டோம். அதனுள்ளே பழைய முன்னுரிமை விதியை அமைத்தோம். பிறகு, தேங்கியிருந்த படங்களையெல்லாம் ஒருசேர அனுப்புமாறு ஸ்கேன் பிரிவிடம் சொன்னோம்.

"டிராப் ஏறுது சார்! ஏறுது! ஏறிட்டே இருக்கு!" முரளி துள்ளினார்.

தணிகாசலம் திகைத்தார். "இன்னாபா இது, சரக்கு கொட்டுதுன்ற, அதுக்குப் போயி சிரிக்கிற?"

"கொட்டுறது படம்ணா. அது மறுபடி அனுப்பிக்கும். பேச்சை மறுபடி அனுப்ப முடியாது. பேச்சைப் பாருங்க, க்யூவை முந்திப் போகுது, ஒண்ணுகூட கொட்டலை!"

ஹெலன் அரங்கினுள் சென்று தாம்பரத்தை அழைத்தார். அன்று காலையில் சேர்ந்த ஒரு பெண்ணின் இரத்த அழுத்தம் பற்றிய உரையாடல் அது. படங்கள் லைன் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. நானும் முரளியும் கதவருகே நின்றோம். அவர் பேசி முடித்து வெளியே வந்து, எங்களைக் கடந்து வார்டை நோக்கி விரைந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"டாக்டர், குரல்?"

"என்ன குரல்?" என்றவர் பிறகே நினைவுகூர்ந்தார். "ஓ, போனா? அதை மறந்தே போயிட்டேன்."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு ரெண்டு சிசேரியன் இருக்கு. நகருங்க சார், பேஷண்ட் காத்திருக்காங்க."

நகர்ந்தோம். என் பணிக்காலத்தில் பெற்ற பாராட்டுகளுள் தலையாயது எதுவென எவரேனும் வினவினால், அந்த மறதியையே சுட்டுவேன்.

யான் கற்றது இதுவே: வெற்றுப் பாதையில் செய்யும் சோதனை சோதனையாகாது, பிழை இல்லை என்று கருவி கூறினால், அங்கே வேலை நடந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். வரம்பினை லைனின் அளவுக்கு எத்துணை கீழே வைப்பது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. யான் கொண்ட அளவு எங்கள் லைனுக்குப் பொருந்தியது, எல்லா லைனுக்கும் பொருந்தும் என வாதிடேன். விளக்கத்திலோ கலைச்சொல்லிலோ வழு காண்போர் தயங்காது திருத்தியுரைக்க வேண்டுகிறேன்.