பெயர் தெரியாதவர்களுக்குப் பிள்ளையார்

ஜேர்மனியில் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளுக்கு இலக்கம் கிடையாது. கீழ்வாசலில் வரிசையாக அழைப்புமணிகள், பக்கத்தில் குடும்பப் பெயர்கள், அவ்வளவுதான். பெயர் ஒட்டாவிட்டால், நீங்கள் உள்ளே குத்துக்கல் மாதிரி இருந்தாலும் ஆள் இல்லையென்று கடிதம் திரும்பிப் போய்விடும். வந்த புதிதில் எனக்கு இது விசர் வேலையாகப் பட்டது. எங்கள் ஊரில் கதவில் பெயர் எழுதினால் சிரிப்பார்கள். சந்தியில் யாரைக் கேட்டாலும், இன்னாரின் மகன் வீடா என்று படலை வரை கூட்டிவந்து விடுவார்கள்.

அந்த மணிப்பலகையின் அருமை டார்ம்ஸ்டாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. பல வருடம் உணவகக் குசினியில் வெங்காயம் வெட்டி, நாற்பது கடந்தபின் உம்ஷூலுங் என்ற மறுதொழிற்பயிற்சி முடித்து, ஒரு சிறிய நிறுவனத்தில் இணைய சேர்வர் பராமரிக்கும் வேலை கிடைத்தது. சேர்வர் ஒரே கணினிதான். அதற்குள் இறைச்சிக்கடை, பாட்டுக்குழு, பல்வைத்தியர் என்று எத்தனையோ தளங்கள் குடியிருக்கும். வருகிறவர் கேட்கும் பெயரைப் பார்த்து அது சரியான கதவைத் திறக்க, தளத்துக்கொரு அமைப்புக் கோப்பு எழுதவேண்டும். விர்ச்சுவல் ஹோஸ்ட் என்பார்கள். அட, நம்முடைய மணிப்பலகை!

அந்தக் கோப்புகளை நான் கையாலேயே எழுதினேன். முறை எல்லாம் என் தலைக்குள். குசினியில் பழகிய புத்தி அது. நாம் இல்லாவிட்டால் அடுப்பு எரியக்கூடாது, அப்போதுதான் வேலை நிலைக்கும். என் பிரிவின் பொறுப்பாளர் உர்சுலா ஒருநாள் கேட்டாள்.

“நீ விடுமுறையில் போனால் இதை யார் செய்வது?”

“போன் எடுங்கள், எங்கிருந்தாலும் செய்து தருவேன்” என்றேன் பெருமையாக.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “விடுமுறையில் இருப்பவரை நாங்கள் அழைப்பதில்லை. நீ இல்லாமலும் நடக்கும்படி செய்.”

எனக்கு இன்னும் தகுதிகாண் காலம், வேலை நிரந்தரமாகவில்லை. நான் இல்லாமல் நடந்தால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? வீட்டில் வந்து புலம்பினேன். மனைவி வசந்தி அசையவில்லை.

“வேலையால கலைக்கிறதெண்டா இவ்வளவு பக்குவமாச் சொல்லமாட்டினம். சொன்னதைச் செய்யுங்கோ. இந்த முறை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்காவது போன் இல்லாமல் வாங்கோ.”

செய்தேன். தளத்தின் பெயரைக் கொடுத்தால் கோப்பைத் தானே எழுதி, பிழை பார்த்து, சேர்வரில் சேர்த்துவிடும் ஒரு ஸ்கிரிப்ட். நல்ல காரியமென்றால் பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடுமா? முதல் பரிசோதனைத் தளத்துக்கு ‘000-பிள்ளையார்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, ஒரு படமும் போட்டேன். வேலை செய்தது. அதை அழிக்காமலே தேருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்த காலை, உர்சுலா கணினித் திரையைக் காட்டினாள். தெரியாத பெயரைக் கேட்டு வருகிறவருக்கு, சேர்வர் வரிசையில் முதலாவது தளத்தைத் திறந்துவிடும். கோப்புகள் அகர வரிசைப்படி நிற்பவை, 000 முன்னுக்கு. நான் இல்லாத நாட்களில், புதிய இறைச்சிக்கடை ஒன்றின் பெயர் சேர்வரில் ஏறியிருக்கவில்லை. தொத்திறைச்சி தேடி வந்தவர்களையெல்லாம் மோதகமும் கையுமாகப் பிள்ளையார் வரவேற்றிருக்கிறார்! சரி, முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

“யானையை இப்போதே எடுத்துவிடுகிறேன்” என்றேன்.

“படத்தை எடு, கோப்பு இருக்கட்டும். பெயர் தெரியாமல் வருகிறவரை யாராவது வரவேற்கத்தானே வேண்டும்? முன்பு அவர்கள் பல்வைத்தியரிடம் போய் விழுந்தார்கள். கடையை உன் ஸ்கிரிப்டாலேயே சேர்த்தேன், தேநீர் ஆறுமுன் முடிந்தது.”

அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்கள். “அவன் இல்லாத வாரம் எதுவும் நிற்கவில்லை” என்று உர்சுலா முதலாளியிடம் என்னைப் புகழ்ந்தாளாம். இல்லாததற்காக ஒருவனைப் புகழும் தேசம்! அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு, நீண்ட காலத்துக்குப் பின் ஊருக்குப் போனேன். சந்திக் கடையில் நின்ற பெண்ணிடம் அப்பாவின் பெயரைச் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன்.

“தெரியேல்லை ஐயா. உதில பிள்ளையார் கோயிலடியில இருங்கோ, ஆராவது பழைய ஆக்கள் வருவினம்.”

போய் இருந்தேன். டார்ம்ஸ்டாட்டில் மணிக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அழுத்தினால் திறக்க நான் அங்கே இல்லை. இங்கே நான் இருக்கிறேன், என் பெயர் இல்லை.




பிள்ளையார் என்னை யாரென்று கேட்கவில்லை.