தண்ணீர் ஏறும் என்று சொன்னவள்

மோர்வென்னா வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு அந்தக் காரை முங்கவிட்டாள் என்று ஊர் பேசுகிறதே, அது பச்சைப் பொய். கழிமுகத்துக் கரையில் இருக்கும் நம் பப்பில் இருபத்திரண்டு வருஷம் பீர் ஊற்றியவள் அவள். பௌர்ணமிக்கு மறுநாள் கடல் உள்ளே ஏறி வாசற்படியைத் தொடும் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கும், கீழே தண்ணீரோரம் காரை நிறுத்திவிட்டு உள்ளே கணப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த லண்டன்காரர்களிடம் மூன்று தடவை போய்ச் சொன்னாள்.

"கண்ணுகளா, காரை மேட்டுக்கு ஏத்துங்க. தண்ணி வருது."

"வரட்டும்மா, அதுக்கும் ஒரு பீர் ஊத்து!" என்று சிரித்தார்கள்.

அந்தச் சுற்று பீர் தீர்வதற்குள் கார் கண்ணாடி வரை முங்கிவிட்டது. புதிதாக வந்த மேனேஜர் கிளைவ் அவளைத்தான் அதட்டினான்.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு, மோர்வென்னா."

"எதுக்கு? நான் சொன்னதுக்கா, அவங்க கேக்காததுக்கா?"

"ரெண்டுக்கும்னு வச்சுக்கோயேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்! அவளுக்கு வெறுத்தே போய்விட்டது. ஏப்ரனைக் கழற்றி பீர்க் குழாயில் மாட்டினாள்.

"அந்தத் தண்ணிய வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு, போ."

படிக்குக் கீழே முழங்கால் ஆழத் தண்ணீர். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வடியும்வரைகூட நிற்காமல், அதிலேயே இறங்கி நடந்தாள்.