ஆளில்லாத அறையின் படம்

லண்டனில் இருக்கும் என் மகள் வருவாளா மாட்டாளா என்பதை வருகிற பார்சலை வைத்தே சொல்லிவிடுவேன். சொக்லேட் வந்தால் பயணம் கொஞ்சம் தள்ளிப்போகும். குளிர்ச்சட்டை வந்தால் அடுத்த வருடம். கொழும்பில், வெள்ளவத்தை வெயிலில் குளிர்ச்சட்டையை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த முறை டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தாள். செப்டெம்பர் பிறந்ததும் என் கை நீளத்துக்கு ஒரு கடதாசிக் குழாய் வந்து சேர்ந்தது. அவ்வளவு பெரிய பார்சலுக்கு என் சாத்திரத்தில் பலனே இல்லை.

உள்ளே ஒரு படம் சுருண்டிருந்தது. மேசையில் விரித்து, மூலைக்கு மூலை சீனி டின்னும் பருப்பு டின்னும் வைத்துப் பார்த்தேன். நீலச் சுவர், மஞ்சள் மரக்கட்டில், சிவப்புப் போர்வை, மேசை கதிரை, சற்றே திறந்த யன்னல். தரை சரிந்து கிடந்ததால் கட்டில் வழுக்கி என் மடியில் வந்து விழுந்துவிடும் போல இருந்தது. ஆளைக் காணவில்லை. கீறியவர் மறந்துபோனாரோ என்று கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

மகள் போனில் விளக்கினாள். அது ஒரு ஓவியருடைய சொந்தப் படுக்கையறையாம். மூலப்படம் மியூசியத்தில் இருக்கிறதாம். இது நல்ல தடித்த தாளில் அச்சடித்த பிரதி, நூறு வருடம் போனாலும் நிறம் மங்காதாம். நூறு வருடம் கழித்து யார் வந்து பார்த்துச் சொல்வது என்று கேட்டேன். சிரித்தாள்.

"உங்களுக்குப் பின்னால இருக்கிற சுவரில மாட்டுங்கோ அம்மா. கதைக்கேக்க எனக்குத் தெரியோணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நத்தாருக்கு வருகிறாயா என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

காலி வீதியில் சாமிப் படங்களுக்கும் கலியாணப் படங்களுக்கும் சட்டம் போடுகிற கடைக்குக் கொண்டுபோனேன். சுற்றிவர இருந்த வெள்ளை விளிம்பை வெட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். அதைத் தொடக்கூடாது என்று மகளின் உத்தரவு என்றேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாடகைக்கு விடுகிற அறையா என்று கேட்டார். ஓம், ஆள்தான் கிடைக்கவில்லை என்றேன்.

மாட்டுவதில்தான் சிக்கல். என் கணவர் இறந்தபின் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு இந்த பிளாட்டுக்கு நான் வாடகைக்கு வந்தபோது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வாசலைப் பார்த்த சுவரில் ஏற்கெனவே இருந்த ஒரே ஆணியில் இயேசுவின் திருஇருதயப் படம் தொங்கியது. அதற்கு மேலே இரவு பகலாக எரிகிற சிவப்பு மின்குமிழ். மகள் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு வீடியோவில் போன் எடுப்பாள், அங்கே அப்போது மத்தியானம். ஆறுக்கு முன் ஸ்டூலில் ஏறி ஆண்டவரை இறக்கி என் கட்டிலில் கிடத்துவேன். அறையை மாட்டுவேன். கதைத்து முடிந்ததும் மறுபடி ஏறி மாற்றுவேன். சில ஞாயிறுகள் போனதும் முழங்கால் மறுத்துவிட்டது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அறையைச் சுவரிலேயே விட்டுவிட்டேன்.

அதன்பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பாடு. என் வீட்டில் ஆளில்லாதது எனக்குப் பழகிவிட்டது. அந்த அறையில் ஆளில்லாததுதான் பழகவில்லை. லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒக்டோபர், செபமாலை மாதம். மாதாவின் சுரூபச் சிலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிளாட்டுக்குப் போகும், பெண்கள் கூடிச் செபிப்போம். என் முறை வர இன்னும் ஒரு கிழமை இருந்தது. ஆனால் மேல்மாடியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த ஞாயிறு மாதாவைத் திடீரென்று என்னிடம் இறக்கிவிட்டார்கள். படத்தை மாற்ற நேரமில்லை. முக்காடு போட்ட பெண்கள் எல்லோரும் சிவப்பு விளக்குக்குக் கீழே, அந்த வெறுங்கட்டிலுக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா.

"இது எந்தப் புனிதரின்ர அறை?"

"அவர் வெளியில போயிட்டார் அக்கா. வந்திடுவார்."

முக்காடுகள் குலுங்கின. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்காவின் பக்கத்தில் கிடந்ததால் அவவே எடுத்துவிட்டா. திரையில் என் மகள், பின்னால் எப்போதும் போல வெள்ளைச் சுவர்.

"பிள்ளை, நத்தாருக்கு வாறாய்தானே? அம்மா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா."

சொல்லித்தான் இருந்தேன். கோயிலில், லிஃப்டில், மீன்காரனிடம்கூட. மகள் என்னைத் தேடினாள். நான் செபமாலை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருசம் ஏலாது அன்ட்டி."

அப்படியென்றால் எனக்குக் கேக் மிச்சம் என்றேன். சிரித்தார்கள். செபம் தொடர்ந்தது. என் வாய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது.

அவர்கள் போனபின் நானே மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் முகம் கழுவியிருந்தாள். கோபமா என்று கேட்டாள்.

"கோவமில்லை. ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லு. வாறதுக்குப் பதிலாப் படம் அனுப்பாதை."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பதிலா அனுப்பேல்லை அம்மா. சொல்ல வாய் வரேல்லை, அதுதான் அனுப்பினனான். நானும் இப்ப இப்பிடி ஒரு அறையிலதான் இருக்கிறன்."

மருமகன் ஈஸ்டரோடு பிரிந்து போய்விட்டாராம். வீடு விற்பனைக்கு. பேரன் பல்கலைக்கழக விடுதியில். அதே படத்தில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தன் அறையின் எதிர்ச் சுவரில் ஒட்டி, மற்றதை எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் பார்த்து ஏன் என்று கேட்பேன் என்று நினைத்தாளாம். இத்தனை மாதமும் அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் உட்கார்ந்து, மருமகன் கடைக்குப் போயிருக்கிறார், குளிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

போனைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். திருப்பினாள். எதிர்ச் சுவரில் அதே படம், ஒடுங்கிய கட்டில், சுவரோரம் அடுக்கிய சூட்கேசுகள், ஒரு சின்ன அடுப்பு, உடுப்புக் குவிந்த ஒரு கதிரை.

"இவ்வளவுதான் அம்மா."

"அந்தக் கதிரையில கிடக்கிற உடுப்பை எடு."

"ஏன்?"

"நான் எங்க இருக்கிறது?"

ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனைக் கதிரையில் சாத்தி வைத்தாள். அங்கிருந்து பாதி கூரையும் அவள் நாடியும்தான் தெரிந்தன. முதல் நாள் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட உட்கார்ந்தாள். நானும் என் சோற்றுக் கோப்பையை எடுத்து வந்தேன். வெறுஞ்சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். தேங்காய்ப்பால் சொதி விட்டுச் சாப்பிடு என்றேன். சொதி இல்லை என்றாள்.