மூடியில்லாத பத்தாயம்

நெல் ஊறுகிற வாசனை எனக்கு ஆகாது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்துவிட்டு இப்படிச் சொல்வது, மீன்காரர் வீட்டில் பிறந்தவள் கவிச்சி ஆகாது என்கிற மாதிரிதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். விதை விடும் நாட்களில் ஊர் முழுக்க அந்த வாசனை நிற்கும். துப்பட்டாவை மூக்கில் அமுக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுவேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். விதை எப்படித் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது என்று போர்டில் படம் போட்டு விளக்குவேன். அந்தப் பாடம் முடியும்போது என் உள்ளங்கை ஈரமாக இருக்கும்.

காரணம் ஒரு கனவு. பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கு அது வருகிறது.

கனவில் நான் அரைக்கால் சட்டை போட்ட பையன். நெல் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பக்கமும் பலகை, தலைக்கு மேலும் பலகை. மேல் பலகையில் ஒரு ஓட்டை, அது வழியாக விரல் தடிமனுக்கு வெளிச்சம். வெளியே காற்று இரைகிறது. முதலில் காலுக்கடியில் நெல் ஈரமாகிறது. அப்புறம் நெல் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது, என்னையும் தூக்கிக்கொண்டு. தலை பலகையில் முட்டுகிறது. அம்மா வந்து திறப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யாரும் வருவதில்லை. ஓட்டையில் இருந்த வெளிச்சம் போய்விடுகிறது. அதோடு விழித்துவிடுவேன்.

நெல் கொட்டிவைக்கிற ஆளுயர மரப்பெட்டியைப் பத்தாயம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது இருந்ததில்லை. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் நாங்கள். அப்பா காலத்தில்தான் சொந்த நிலம் வந்தது. அறுத்த நெல்லும் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். பெட்டியே பார்க்காத பிள்ளைக்குப் பெட்டிக்குள் இருக்கிற கனவு எப்படி வரும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கேயாவது யார் வீட்டிலாவது பார்த்திருப்பேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். படித்தவள் வேறு என்னத்தைச் சொல்லிக்கொள்வது?

அப்பா ஒரு நாள் விதை நெல்லை ஊறவைத்து எடுத்து, முளை கட்டுவதற்காக மூட்டையோடு வைக்கோலில் பொதிந்து மேலே கல் ஏற்றினார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு வரவில்லை. அந்த வாசனை வந்ததும் ஓடிப்போய்க் கல்லைத் தள்ளிவிட்டேன். வைக்கோலைப் பிய்த்து எறிந்தேன், சாக்கைப் பல்லால் கடித்தேன். "உள்ள புள்ள இருக்கு, தொறங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேனாம். விதை பூராவும் மண்ணில் சிந்திவிட்டது. அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா குறுக்கே பாய்ந்து என்னைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி தங்கம். அம்மா இருக்கேன்ல."

"நீ இல்ல. எங்கம்மா வந்து தொறப்பாங்க" என்றேன் நான்.

அம்மா அதை இன்றுவரை மறக்கவில்லை. பெற்றவளிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். அடுத்த வீட்டு அக்கா வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினார். "முன் ஜென்மத்தச் சொல்ற புள்ள தங்காதுக்கா. அது முன்ன செத்த வயசு எதுவோ, அந்த வயசு வந்ததும் பழைய தாயி வந்து கூட்டிட்டுப் போயிடுவா" என்றாராம். எங்களுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. நாங்கள் லுத்தரன் சபை. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐயரிடம் ஓடினாள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். "நம்ம வேதத்துல மறுபிறவியே இல்லம்மா. கொழந்த மனசு, போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தார்.

வேதத்தில் இல்லாததுதான், ஆனால் அந்தச் சொல் அம்மாவை விடவில்லை. முன்னே செத்த வயசு எது என்று யாருக்கும் தெரியாதே. அதனால் அவள் என் எல்லாப் பிறந்தநாளுக்கும் பயந்தாள். மற்ற வீடுகளில் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் விடியும்போதே அம்மா என் பாய்க்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொண்டிருப்பாள். நான் மூச்சு விடுகிறேனா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலையில் நரை கண்ட பிறகும் அன்றைக்குக் காலையில் போன் வந்துவிடும். "எந்திரிச்சிட்டியாடி?" அவ்வளவுதான் கேட்பாள். நான் எரிந்து விழுவேன். ஆனாலும் எனக்கும் பயமாகத்தான் இருக்கும்.

எனக்கு வெகு வருஷம் கழித்துப் பிறந்த தங்கைக்கு வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரன் வந்தது போன வருஷம். அப்பா இல்லாததால் மாப்பிள்ளை வீடு பார்க்க அம்மா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. நான் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மழை வருகிற வானம். எனக்கு அந்த ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் இதை யாரிடம் சொல்ல முடியும்?

மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. வளர்த்தது அவருடைய பெரியம்மா. நெடுநெடுவென்று, நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஆனால் சிரிக்கவே தெரியாத முகம். எங்களை வாசல்வரை வந்து அழைத்தார். "வாங்க அண்ணி, வெயில் இல்லாத நாளாப் பார்த்து வந்தீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முறைக்கு எனக்கு அத்தை. கணவர் போய்விட்டார் என்றும், வெகு காலத்துக்கு முன்பு ஒரு பெரிய புயலில் ஒரே மகனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றும் தரகர் சொல்லியிருந்தார். அது நான் பிறப்பதற்கு முந்திய வருஷத்துப் புயல்.

காப்பி குடித்ததும் மாப்பிள்ளை எங்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டினார். சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. கதவைத் திறந்து லைட்டைப் போட்டார். நடுவில் பத்தாயம் நின்றது. உள்ளே ஒரு மணி நெல் கிடையாது. ஆனாலும் அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. என் வாய் என்னை முந்திக்கொண்டது.

"மூடி எங்க? ஓட்டை வச்ச மூடி?"

"இதுக்கு மூடியே கெடையாதுங்க" என்றார் மாப்பிள்ளை. "எனக்குத் தெரிஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு."

பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, சித்தப்பாவுக்குத் தோப்பைக் காட்டு. ரெண்டு எளநி வெட்டிக் குடு" என்றார் அமைதியாக. ஆண்கள் போனார்கள். அத்தை கதவைச் சாத்த வந்தார். "சாத்தாதீங்க" என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவருடைய கை கதவிலேயே நின்றுவிட்டது.

"யாரும்மா சொன்னா உனக்கு, மூடில ஓட்டை இருந்துச்சுன்னு?"

"யாரும் சொல்லலீங்க அத்தை. சின்ன வயசுலேர்ந்து ஒரு கனவு வரும்."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "வாடி, போவலாம்" என்றாள். இத்தனை வருஷம் எந்தப் பழைய தாய்க்குப் பயந்தாளோ, அவள் இரண்டடி தள்ளி நிற்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அத்தை பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்த ஒருத்தியை விட்டுவிட்டுப் போக அம்மாவால் முடியவில்லை.

அவர் சொன்னார். புயல் காற்று கூரை ஓடுகளைப் பிய்த்து எறிந்தது. கடல் தண்ணி தெருவுக்குள் வந்துவிட்டது. வீட்டிலேயே கனமான சாமான் பத்தாயம்தான், பாதி நெல் கிடந்தது, இதை எந்த வெள்ளமும் புரட்டாது என்று பையனை உள்ளே நெல் மேல் உட்காரவைத்தார். ஓடு விழுந்து தலையில் படாமல் இருக்க மூடியைப் போட்டார். கட்டுத்தறியில் மாடு கதறியது. வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிடாமல் இருக்க எந்தக் குடியானவளுக்கு மனசு வரும்? அவிழ்த்துவிடப் போனார்.

"திரும்பி உள்ள வர்றதுக்குள்ள தண்ணி மாருக்கு வந்துடுச்சு. உள்ள நெல்லு ஊதிடுச்சும்மா. பலகையும் ஊதி மூடியக் கவ்விடுச்சு. எவ்வளவோ நெம்பினேன். தண்ணி வடிஞ்சப்புறம் மூடியக் கோடாலியால பொளந்துதான் அவன எடுத்தேன். வெள்ளம் கொண்டுபோயிடுச்சுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அவங்க அப்பாகிட்டயும் அதான் சொன்னேன். நாலு முடிஞ்சு அஞ்சு நடந்துச்சு அவனுக்கு."

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை என் முகத்தில் வேறு யாரையோ தேடியது.

"நான் வெளிய நின்னு தட்டினேன். பேரச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். அது உள்ள கேட்டுச்சா?"

என் கனவில் தட்டுகிற சத்தமே கிடையாது. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்காமல்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது, யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போனது. அதை நான் எப்படிச் சொல்வேன்?

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் நம்பவில்லை. கண் என் மேலேயே இருந்தது. அப்போது அம்மா பேசினாள். எந்த வழக்கிலும் சாட்சிக்குப் போகாத, பால்காரரிடம்கூடப் பொய் சொல்லாத என் அம்மா.

"கேட்டுச்சு அண்ணி. பேச்சு வந்ததுலேர்ந்து இவ அதத்தான் சொல்லுவா. 'எங்கம்மா வந்துட்டாங்க, தட்டுறாங்க'ன்னு சொல்லிட்டே தூங்கிடுவா."

அத்தை அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதார். நான் அந்தக் காலிப் பெட்டிக்குள் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன்.

திரும்பி வரும்போது அம்மா காரில் என் காதருகே சொன்னாள். "அஞ்சு வயசுடி. அது எப்பவோ தாண்டிப் போச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது." பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தைத் தை மாதத்துக்கு வைத்தார்கள். அத்தை அந்தப் பத்தாயத்தைத் தன் கையாலேயே வெட்டிக் கல்யாண அடுப்புக்கு விறகாகப் போட்டார் என்று தங்கை சொன்னாள். அவர் இப்போது படுத்தால் விடியும்வரை அசங்காமல் தூங்குகிறாராம். என் பிறந்தநாளும் வந்து போனது. முதல் முறையாக அம்மா காலையில் போன் செய்யவில்லை. மத்தியானம் செய்து, பாயசம் வைத்தாயா என்று கேட்டாள்.

எனக்குக் கனவு நிற்கவில்லை. அதே நெல், அதே பலகை, அதே ஓட்டை. ஆனால் அந்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து வெளியே யாரோ தட்டுகிறார்கள். ஒரு பையனின் பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டுகிறார்கள். அந்தப் பேரை அத்தை என்னிடம் சொல்லவே இல்லை. நானும் உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுகிறேன். மூடி திறக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.